கெலிண்டான் சீட்டு காலி

லாரிக்காரர் பதில்கள்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு பழைய டிரைவரின் பதில்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து மேசையில் போட்டபோது, பழைய டிரைவர்கள் ஒரு பக்கம், புது டிரைவர்கள் ஒரு பக்கம் என்று அவை தாமாகவே பிரிந்துவிட்டன. ஆகவே சம்மன், பார்க்கிங் கேள்விகளையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: நான் 1983இல் 19 வயதில் சிங்கப்பூரில் கெலிண்டானாக லாரி ஏறியவன். லாரி உதவியாளை மலாய்க்காரர்கள் அப்படிச் சொல்வார்கள், நாங்களும் அப்படியே சொன்னோம். 1988இல் ஸ்டியரிங் கைக்கு வந்தது. 3 வருடத்துக்கு முன் இறங்கினேன். இப்போது வாரம் 2 நாள் ஒரு கம்பெனியில் புதியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய் வருகிறேன். அதனால் இரண்டு தரப்பிலும் எனக்குத் திட்டு உண்டு.

கேள்வி: ஐயா, எனக்கு நாமக்கல் பக்கம். ஊரில் 9 வருடம் 12 சக்கர டாரஸ் ஓட்டியிருக்கிறேன். நாக்பூர், ராய்ப்பூர் எல்லாம் போய் வந்த கை. சிங்கப்பூரில் கிளாஸ் 5 (மிகக் கனமான வண்டிகளுக்கான லைசென்ஸ்) எடுத்து, கம்பெனியில் வண்டி கொடுத்து 4 மாதம் ஆகிறது. போன மாதம் டிப்போவில் (பெட்டிகள் அடுக்கும் யார்டு) 40 அடி சேசிஸை (கொள்கலன் பெட்டி ஏற்றும் சக்கரச் சட்டம்) ரிவர்ஸ் விட எனக்கு 20 நிமிடம் ஆனது. பின்னால் 3 வண்டி நின்றது. ஒரு சீனியர் அதை வீடியோ எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டு ‘நாமக்கல் பைலட்’ என்று எழுதிவிட்டார். அன்றிலிருந்து அதுதான் என் பெயர். நானெல்லாம் டிரைவரே இல்லையா?
— ஜூரோங் விடுதியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தம்பி, நீங்கள் டிரைவர்தான். சேசிஸ் டிரைவர் ஆக இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

டாரஸ் எத்தனை சக்கரமானாலும் ஒரே எலும்பு. எந்தப் பக்கம் ஒடிக்கிறீர்களோ அந்தப் பக்கமே பின்பக்கமும் வரும். சேசிஸை இழுக்கும் பிரைம் மூவருக்கு இடுப்பில் மூட்டு இருக்கிறது. வால் வலப்பக்கம் போக வேண்டுமானால் முதலில் இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். இதைச் சொன்னால் யாருக்கும் புரியும். ஆனால் 9 வருடம் கையில் ஊறிய பழக்கம் இருக்கிறதே, அது மூளை சொல்வதைக் கேட்காது. லாரியே ஓட்டாமல் வந்த பையனுக்கு இது உங்களைவிடச் சீக்கிரம் பிடிபடுவதை நான் பார்த்திருக்கிறேன். அதை வைத்து அவன் உங்களைவிடப் பெரிய டிரைவர் ஆகிவிட மாட்டான்.

நான் பையன்களுக்குச் சொல்வது இதுதான். முடிந்தவரை உங்கள் ஜன்னல் பக்கமாக, அதாவது வலப்பக்கமாக வால் போகும்படி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். இடப்பக்கம் வால் போனால் கண்ணாடியில் பெட்டியின் தகரம் மட்டும்தான் தெரியும், மூலை தெரியாது. அதற்காக ஒரு சுற்று சுற்றி வர நேர்ந்தாலும் பரவாயில்லை. ரிவர்ஸ் தொடங்கும்போது கால் சுற்று ஒடித்தால் போதும். சேசிஸ் மடியத் தொடங்கியதும் ஸ்டியரிங்கைத் திருப்பி அதன் பின்னாலேயே போய்விட வேண்டும். புதியவர்கள் எல்லோரும் தவறுவது இந்த இடத்தில்தான். இன்னும் மடியட்டும் என்று காத்திருப்பார்கள். அதற்குள் கத்தி மடங்குகிற மாதிரி மடங்கிவிடும். அப்படி ஆனால் முன்னால் இழுத்து நேராக்கி மறுபடி விடுங்கள். 10 முறை இழுத்தாலும் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம், இறங்கிப் பாருங்கள். 20 நிமிடம் ஆனதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அந்த 20 நிமிடத்தில் எத்தனை முறை இறங்கிப் பார்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, அதுதான் உறுத்துகிறது. ஊரில் உங்களுக்குக் கிளீனர் இருந்திருப்பார். பின்னால் நின்று பாடியில் தட்டி, ‘வா... வா... ஒடி, ஒடி... போதும்’ என்று சொல்லியிருப்பார். இங்கே அந்தக் குரல் கிடையாது. நீங்களேதான் உங்கள் கிளீனர்.

உங்களை மாதிரி ஆட்கள் இங்கே கண்ணில் படுவதே பழையவர்களுக்குப் புதிது. சேவைத் துறைக் கம்பெனிகள் இந்தியாவிலிருந்து கனரக வண்டி டிரைவர்களை வேலை அனுமதியில் எடுக்கலாம் என்று மனிதவள அமைச்சு வழிவிட்டது 2025 செப்டம்பர் 1இலிருந்துதான். மாதம் குறைந்தது 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் தர வேண்டும், கம்பெனி ஆட்களில் 8 விழுக்காட்டுக்கு மேல் இப்படி எடுக்கக் கூடாது என்றெல்லாம் அதற்கு வரம்பு இருக்கிறது. ஆனால் கோப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கும் சீனியர் காதில் வரம்பு விழாது. ‘ஊரிலிருந்து இறக்குகிறார்கள்’ என்பது மட்டும்தான் விழும். உங்கள் ரிவர்ஸைப் பார்த்து அவர் சிரித்ததில் பாதி பயம்.

அந்த வீடியோ பற்றி ஒன்று. எடுத்தவர் இரண்டு கையும் சும்மா இருந்த மனிதர். போனைப் பையில் போட்டுவிட்டு, பின்னால் போய் நின்று கை காட்டியிருந்தால் 5 நிமிடத்தில் உங்கள் வண்டி உள்ளே போயிருக்கும். காத்திருந்த 3 வண்டிக்காரர்களும் அவருக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்திருப்பார்கள்.

கேள்வி: 27 வருடமாகக் கிளாஸ் 5. எங்கள் கம்பெனியில் புது ஆள் வந்தால், ‘அண்ணே, ஒரு வாரம் கூட்டிக்கொண்டு ஓடுங்கள்’ என்கிறார்கள். நின்று சொல்லிக் கொடுத்தால் ஒரு நாளைக்கு எனக்கு 2 டிரிப் போய்விடும். அதற்கு யாரும் காசு தருவதில்லை. 6 மாதத்தில் அந்தப் பையன் கொஞ்சம் கூடக் கிடைக்கிறது என்று வேறு கம்பெனிக்குத் தாவிவிடுகிறான். இருக்கிற வரைக்கும் செய்கிற கூத்து வேறு. சேசிஸைக் கழற்றி மண்ணில் விட்டுப் போவான், அதைத் தாங்கி நிற்கும் லெக் புதைந்து கிடக்கும். டயர் சாலையோரக் கெர்பில் உரசிக் கிழிந்திருக்கும், வாயைத் திறக்க மாட்டான். மறுநாள் காலையில் அந்த சேசிஸை நான் மாட்டும்போதுதான் தெரியும். இவனுக்கும் எனக்கும் ஒரே டிரிப் காசு. இது நியாயமா?
— புக்கிட் பாத்தோக் வாசகர்

பதில்: அண்ணே, முதல் பாதியில் நான் உங்கள் பக்கம். இரண்டாம் பாதியில் இல்லை.

நம் தொழிலில் சம்பளம் எப்படி வருகிறது? அடிப்படை ஒன்று, அதற்கு மேல் டிரிப் காசு. சக்கரம் உருண்டால் காசு, நின்றால் இல்லை. டிப்போ வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றாலும் அதே ஒரு டிரிப்தான். இப்படிக் கணக்கு வைத்துவிட்டு, ‘நின்று நிதானமாகச் சொல்லிக் கொடு’ என்றால், உன் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடு என்றுதான் அர்த்தம். முதலாளி இதை வாய்விட்டுச் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. அந்தக் கோபத்தை எங்கே காட்டுகிறோம்? பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையன்மேல் காட்டுகிறோம். அவன் கண்ணுக்கு எதிரில் இருக்கிறான், முதலாளி ஆபீசில் இருக்கிறார்.

நான் கடைசியாக ஓட்டிய கம்பெனியில் ஒரு நாள் கேட்டே விட்டேன். பையனைக் கூட்டிப்போகும் வாரத்துக்கு, முந்தைய 3 மாதத்தில் எனக்கு வந்த டிரிப் காசின் சராசரியைக் கொடுங்கள், ஒரு காசு கூட வேண்டாம் என்றேன். முதலாளி முகத்தைச் சுளித்தார். அந்த வருடம் மட்டும் கிழித்த டயர், நசுக்கிய மட்கார்டு, கோணலான லெக் எல்லாவற்றையும் அவருடைய கிளார்க் கூட்டிக் காட்டியதும் சுளிப்பு நின்றது. நீங்களும் கேளுங்கள். வாயால் கேட்காதீர்கள், தாளில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

நமக்கு இந்தச் சண்டை ஏன் இருக்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள். நாம் யாரும் லைசென்ஸ் எடுத்து நேராக ஸ்டியரிங்கில் உட்காரவில்லை. நான் 5 வருடம் இடப்பக்க சீட்டில் இருந்தேன். கயிறு கட்டினேன், தார்ப்பாய் மடித்தேன், கோப்பி வாங்க ஓடினேன். நடுநடுவே டிரைவர் எங்கே கியரைக் குறைக்கிறார், எந்தச் சந்தில் எவ்வளவு அகலமாக வெளியே போய்த் திரும்புகிறார் என்று தூக்கக் கலக்கத்திலேயே கண் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் உட்கார்ந்து பாடம் நடத்தவில்லை. பிறகு சரக்கெல்லாம் கொள்கலன் பெட்டியாகிவிட்டது. துறைமுகத்தில் கிரேன் ஏற்றுகிறது, டிப்போவில் இன்னொரு வண்டி இறக்குகிறது, நடுவில் கெலிண்டான் எதற்கு என்று கணக்குப் பார்த்தார்கள். கணக்கு சரி. அந்த ஆளின் சம்பளம் மிச்சம். அந்த சீட்டில் இப்போது டிரைவரின் மழைக்கோட்டும் தண்ணீர் பாட்டிலும் போகின்றன. நாம் 5 வருடம் பார்த்து வாங்கியதை இந்தப் பையன் ஒரு வாரத்தில் வாங்க வேண்டும், அதுவும் டிரிப் குறைகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் உங்களிடமிருந்து.

இனி உங்கள் இரண்டாம் பாதி. டயர் கிழிந்ததை அவன் ஏன் சொல்வதில்லை? இதற்கு முன் சொன்னவனுக்கு உங்கள் கம்பெனியில் என்ன நடந்தது என்று யோசியுங்கள். சம்பளத்தில் பிடித்தார்களா? குழுவில் போட்டோ போட்டுச் சிரித்தீர்களா? இரண்டில் ஒன்று நடந்திருந்தால் அவன் வாயைத் திறக்காததில் அதிசயமே இல்லை. கிழிந்த டயரைச் சொன்னால் 10 நிமிட அவமானம். சொல்லாத டயர் மறுநாள் உங்களுக்குக் கீழே எக்ஸ்பிரஸ்வேயில் வெடிக்கும்.

ஒரே டிரிப் காசு பற்றிக் கேட்டீர்கள். பெட்டி ஒன்றுதானே அண்ணே? அவன் தூக்கினால் எடை குறையுமா? அனுபவத்துக்குக் காசு வேண்டுமென்றால் அனுபவம் இல்லாதவன் செய்ய முடியாத வேலைக்குக் கேட்க வேண்டும். ரசாயன லோடு ஏற்றக் குடிமைத் தற்காப்புப் படையின் தனி அனுமதி வேண்டும், அதற்குப் பயிற்சி உண்டு. 27 வருடத்தில் அதை எடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்திருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: லாரிக்கெல்லாம் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டுகிறார்கள். 60க்கு மேல் போகாத வண்டியை ஓட்ட ஒரு அனுபவம் வேண்டுமா? இனி யார் வேண்டுமானாலும் ஓட்டலாமே!
— உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளில் அது முன்பிருந்தே உண்டு. இப்போது ஏற்றிய எடை 3,501 கிலோவிலிருந்து 12,000 கிலோ வரை வரும் லாரிகளுக்கும் கட்டம் கட்டமாக வருகிறது. கருவி வேகத்தை மட்டும்தான் பிடித்து வைக்கும். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவில் எத்தனை மீட்டர் விட வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. எக்ஸ்பிரஸ்வேயிலிருந்து இறங்கும் வளைவில், உயரமான பெட்டியோடு லோடு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், கவிழ்வதற்கு 60 தேவையே இல்லை. 40இல் கவிழ்ந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மற்றபடி, 60ஐத் தாண்டினால்தான் டிரைவர் என்று நினைப்பவர்களுக்காகத்தான் அந்தக் கருவியே வந்தது.

கேள்வி: எனக்கு 24 வயது, இங்கேயே பிறந்து வளர்ந்தவன். கிளாஸ் 4 லைசென்ஸ் எடுத்து லாரி ஓட்டுகிறேன். காலையில் வண்டியைச் சுற்றி வந்து சரிபார்க்கப் பயிற்சியில் சொன்னார்கள், நான் செய்கிறேன், 10 நிமிடம் ஆகிறது. சீனியர்கள் கோப்பிக்கடையில் உட்கார்ந்தபடியே டேப்லெட்டில் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துவிட்டு, ‘படித்த பையன் வந்துவிட்டான், வண்டிக்குப் பூஜை போடுகிறான்’ என்கிறார்கள். தொழில் ஒழுக்கம் இல்லாதவர்கள் யார், நாங்களா அவர்களா?
— ஈசூன் வாசகர்

பதில்: நானும் கோப்பிக்கடையில் டிக் அடித்தவன் தம்பி. அப்போது டேப்லெட் கிடையாது, தாள். அதில் கோப்பிக் கறை கூட இருக்கும். ஆகவே நல்ல பிள்ளை வேஷம் போட மாட்டேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்களில் நல்ல கை ஒருவர் இருப்பார். அவர் வண்டியை நோக்கி நடந்து வரும்போது என்ன செய்கிறார் என்று பாருங்கள். இடப்பக்கமாக வருவார், பின் டயரைக் காலால் தட்டுவார், இரட்டை டயர் நடுவில் கல் மாட்டியிருக்கிறதா என்று குனியாமலே கண் ஓடும். ஏறியதும் பிரேக்குக்கான ஏர் ஏறுகிற வேகத்தைக் காதால் கேட்பார். அவர் உங்கள் பட்டியலில் பாதியை முடித்துவிட்டார், அது அவருக்கே தெரியாது. மீதிப் பாதியை அவர் செய்யவில்லை, அதுவும் அவருக்குத் தெரியாது. ஆபத்து அந்த மீதியில்தான் இருக்கிறது.

உங்கள் பட்டியலில் எல்லாக் கட்டமும் ஒரே அளவாக இருப்பது இன்னொரு கோளாறு. வைப்பர் தண்ணீருக்கும் சக்கர நட்டுக்கும் ஒரே டிக். நீங்கள் 10 நிமிடத்தைப் பங்கு போடும்போது நட்டுக்கு அதிகம் கொடுங்கள். நட்டைச் சுற்றித் துரு கோடாக வழிந்திருந்தால் அது லூசாகி ஆடியிருக்கிறது என்று அர்த்தம். ஏர் பிரேக் வண்டியானால் டாங்கின் அடியில் இருக்கும் வால்வை இழுத்துத் தண்ணீரைக் கழியுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், ஒரு வாரம் விட்டால் வெளியே வருவது பால் கோப்பி நிறத்தில் இருக்கும். லோடு கட்டிய பெல்ட்டை 10 நிமிடம் ஓட்டியதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். இதைப் பட்டியலில் போட மாட்டார்கள், ஏனென்றால் பட்டியல் கேட்டைத் தாண்டுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

பூஜை என்று சொன்னவரிடம், ‘ஆமாம் அங்கிள், நீங்கள் தேங்காய் உடைக்க வாருங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். வந்தாலும் வருவார்.

கேள்வி: நான் ஒரு கொள்கலன் போக்குவரத்துக் கம்பெனியில் டிரைவர்களுக்கு ஜாப் பிரித்துக் கொடுக்கும் கண்ட்ரோலர். 26 வயதுப் பெண். நல்ல ஜாப்களை சீனியர்கள் காலையிலேயே கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். கொடுக்காவிட்டால் அன்று முழுக்கப் போனை எடுக்க மாட்டார்கள். மிச்சத்தைப் புதியவர்களுக்குக் கொடுக்கிறேன். மிச்சம் என்றால் குறுகிய சந்து, தூண் நிற்கும் கிடங்கு, மணிக்கணக்கில் காத்திருக்கும் இடம். அங்கே போய் அவர்கள் இடித்துவிட்டு வந்தால் சீனியர்கள், ‘பார்த்தாயா, நாங்கள் சொன்னோமே’ என்கிறார்கள். நான் என்ன செய்வது?
— பூன் லே வாசகி

பதில்: தங்கச்சி, இந்த மாதக் கடிதங்களில் உங்களுடையதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. ஏனென்றால் நானும் போனை எடுக்காமல் இருந்தவன்.

நீங்கள் எழுதியதை மறுபடி வாசித்துப் பாருங்கள். மிகக் கடினமான இடத்துக்கு மிகப் புதிய கை போகிறது. துவாஸ் துறைமுகத்துக்கும் பக்கத்துக் கிடங்குக்கும் நேர் ரோட்டில் போய் வர 27 வருட அனுபவம். தூண் நடுவில் நிற்கிற பழைய கட்டடத்துக்கு 4 மாதப் பையன். இதை வெளியாள் யாரிடமாவது சொன்னால் நம்ப மாட்டார். உள்ளே இருக்கும் நமக்கு இது சகஜமாகிவிட்டது.

மாற்றுவதற்கு உங்கள் கையில் அதிகாரம் இல்லை என்று தெரியும். கடினமான இடத்துக்குக் கூடுதல் டிரிப் காசு வைத்தால் சீனியர்களே அதைக் கேட்டு வாங்குவார்கள். அதை முதலாளிதான் செய்ய வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது வேறொன்று இருக்கிறது. ஒரு நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பக்கம். எந்தக் கேட், எந்தப் பக்கம் வாலைப் போட வேண்டும், தூண் எங்கே, மதியம் எத்தனை மணிக்குக் காவலாளி சாப்பிடப் போவார், கூரை உயரம் என்ன. உயரத்தை மறக்காதீர்கள். ஹைகியூப் என்ற உயரமான பெட்டியே 2.9 மீட்டர். சேசிஸ் மேல் ஏறினால், சாலையில் துணை வண்டி இல்லாமல் போகலாம் என்ற 4.5 மீட்டர் வரம்புக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கிடங்கு வாசல் தகரங்களுக்கு அந்த வரம்பெல்லாம் தெரியாது.

இந்த விவரத்தை யாரிடம் வாங்குவது? சீனியர்களிடம்தான். ஆனால் ‘கற்றுக் கொடுங்கள்’ என்று கேட்காதீர்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். ‘அண்ணே, செனோக்கோவில் அந்தப் பழைய கிடங்கில் நீங்கள் எப்படி உள்ளே விடுவீர்கள்? ஒருத்தருக்கும் வரவில்லை’ என்று கேளுங்கள். அப்புறம் போனை நீங்கள்தான் வைக்க வேண்டியிருக்கும், அவர் வைக்க மாட்டார்.

கேள்வி: துவாஸில் ஆளில்லாத வண்டி ஓடுகிறதாமே. பழையவர், புதியவர் இருவருக்குமே வேலை இருக்காது என்கிறார்களே?
— தெம்பனிஸ் வாசகர்

பதில்: ஓடுகிறது. 2022 செப்டம்பர் 1இல் அதிகாரபூர்வமாகத் திறந்த துவாஸ் துறைமுகத்தின் உள்ளே பெட்டிகளை ஆளில்லா வண்டிகள்தான் இழுக்கின்றன. அங்கே குறுக்கே யாரும் சைக்கிளில் வர மாட்டார்கள், யாரும் வண்டியை நிறுத்திவிட்டு நாசி லெமாக் வாங்கப் போக மாட்டார்கள். கேட்டுக்கு வெளியே இரண்டும் நடக்கும். இன்னும் சில காலத்துக்கு உங்கள் வேலைக்கு ஆபத்து சக டிரைவரிடமிருந்து வருவதுதான் அதிகம்.

கேள்வி: எல்லோருக்கும் அறிவுரை சொல்கிறீர்கள். நீங்கள் ஒன்றுமே செய்ததில்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.
— பெயர் போடாத வாசகர் (எழுத்தைப் பார்த்தால் என் பழைய நண்பர் மாதிரி இருக்கிறது)

பதில்: சொல்கிறேன். 1988. தனியாக ஓட்ட ஆரம்பித்து மூன்றாவது வாரம். தஞ்சோங் பகார் பக்கம் ஒரு யார்டு, ராத்திரி, நல்ல மழை, கடைசி டிரிப். காலிப் பெட்டியோடு ஒரு 20 அடி சேசிஸ் நின்றது. அதை விட்டுப் போனவர் லெக்கை அளவுக்கு மேல் இறக்கி, சேசிஸைக் கொஞ்சம் உயரமாக நிறுத்தியிருந்தார். நான் பார்க்கவில்லை. ரிவர்ஸில் போய் இடித்தேன், ‘டக்’ என்று ஒரு சத்தம். மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன். மாட்டவில்லை. சேசிஸ் உயரமாக இருந்ததால், அதன் அடியில் இருக்கும் கிங் பின் என்ற மாட்டு ஊசி என் வண்டித் தட்டில் இருக்கும் தாடைக்குள் இறங்காமல் தட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. டார்ச் அடித்துக் குனிந்து பார்த்திருந்தால் நடுவில் விரல் நுழையும் இடைவெளி தெரிந்திருக்கும். பிரேக்கைப் பிடித்தபடி ஒரு முறை மெதுவாக இழுத்துப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும். மழையில் நனைய மனமில்லாமல் ஏர் ஹோஸை மாட்டினேன், லெக்கைச் சுற்றி ஏற்றினேன், கிளம்பிவிட்டேன்.

கேட் வரைக்கும் வந்தது. கேட்டில் ஒரு மேடு. முன் சக்கரம் ஏறி இறங்கியதும் பின்னால் எதுவோ லேசானது. சிவப்பு ஹோஸ் பிய்ந்து ‘ஷ்ஷ்’ என்று காற்று போனது, சேசிஸ் பிரேக் இறுகியது, மூக்கு தரையில் இறங்கி உட்கார்ந்தது. வெளியே போகும் ஒரே வழி. பின்னால் 11 வண்டி. எண்ணிப் பார்த்ததால் சொல்கிறேன், வேறு செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

டிரைவர்கள் இறங்கி வந்து சிரித்தார்கள். ஒருவர் என் லைசென்ஸை எந்தக் கடையில் வாங்கினேன் என்று கேட்டார். நான் கெலிண்டானாக இருந்த வண்டியின் டிரைவர், ஆ பெக் (பெரியவர்) என்று நாங்கள் கூப்பிடுபவர், அந்த வரிசையில் ஏழாவதாக நின்றார். ஹொக்கியன்காரர், எங்களுக்குள் பேச்சு பசார் மலாய், அதாவது சந்தை மலாய்தான். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. டார்ச்சைக் கொடுத்து, ஈரத் தரையில் என்னை மல்லாக்கப் படுக்க வைத்து, திறந்தபடி இருந்த தாடையைப் பார்க்கச் சொன்னார். ‘தெங்கோ டுலு’ என்றார். முதலில் பார். 5 வருடமாக அவர் வாயிலிருந்து வந்த அதே இரண்டு சொல். அதுவரை அதை நான் ஒரு கிழவரின் முனகல் என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அவரே போய் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவரை எழுப்பிக் கூட்டி வந்தார். மூக்கைத் தூக்கி, கட்டை கொடுத்து, லெக்கை இறக்கி, உயரத்தைச் சரிசெய்து, மறுபடி என்னையே மாட்டச் சொன்னார். மாட்டியதும் இழுக்கச் சொன்னார். இழுத்தேன். இன்னொரு தரம் என்றார். எல்லாம் முடிய 2 மணி நேரம் ஆனது. அவருக்கு அன்று ராத்திரி 2 டிரிப் போயிற்று.

ஹோஸுக்கும் நசுங்கிய மட்கார்டுக்கும் என் சம்பளத்தில் 60 வெள்ளி பிடித்தார்கள். ஆ பெக்கின் 2 டிரிப் காசை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று அப்போது தோன்றவே இல்லை.